மூன்றாம் உபகுழுவின் மெழுகுத்தாள்

குழு கூடும் அறைக்கு நேர் கீழே
என் அறை.
மேலே நாற்காலி நகர்ந்தால்
என் விளக்கு ஆடும்.

டோக்கியோ, ஷோவா பதினெட்டு, மழைக்காலம்.
இரும்பு அரப்பலகைமேல் மெழுகுத்தாள்,
அதன்மேல் எழுத்தாணி.
கீறிய இடத்தில் மெழுகு விலகும்,
விலகிய இடத்தில் மை இறங்கும்.
முப்பது பிரதி. மூலையில் ரகசிய முத்திரை.
நாள் முழுக்க எலி கொறிப்பதுபோல் ஒரு சத்தம்.
அந்தச் சத்தத்துக்குத்தான் சம்பளம்.

நான் இசோகாய் தோமியே.
கையெழுத்து அழகென்று எடுத்தார்கள்,
கருத்துக் கேட்டு எடுக்கவில்லை.

'தெற்குப் பகுதிகளின் நெல் சீரமைப்பு.'
முதல் வரைவில் "பறிமுதல்" என்றிருந்தது.
ஆலோசகர் நிவா அதை அடித்துக்
"கொள்முதல்" ஆக்கினார்.
கீறி முடித்தேன்.
கர்னல் மாகராவுக்கு அதில் கடைத்தெரு வாடை.
"ஒத்துழைப்பு" என்று போடச் சொன்னார்.
மறுபடி கீறினேன்.
ஒரு சொல்லுக்கு ஒரு பிற்பகல்,
மூன்று தடவை மேலே தேநீர்.
அளவைப் பற்றிப் பேச்சே இல்லை.
அது கப்பல் துறை கொடுத்த அளவு;
கப்பல் துறைக்கு யார் கொடுத்தார்களோ.

டோங்கின் வயல் எப்படியிருக்கும்,
எனக்குத் தெரியாது.
நிவாவுக்கும் தெரியாது; அவர் போனது லியோனுக்கு, படிக்க.
சுவரில் ஒரு வரைபடம் உண்டு.
அதில் டோங்கின் என் சுண்டுவிரல் நகமளவு.
என் நகத்தடியில் எப்போதும் மை.

ஜூன் கடைசியில் ஒருநாள்
எண்ணைக் கீறும்போது
ஒரு சுழியம் குறைந்துவிட்டது.
தூக்கமா, ஆணி வழுக்கியதா,
காலை ரேஷன் வரிசையில் அரிசி கேட்டு
சோயாப் பிண்ணாக்கு வாங்கிய எரிச்சலா,
இன்று கேட்டாலும் ஒரே பதில் வராது.
முப்பது பிரதியும் முப்பது மேசைக்குப் போயின.
முப்பது பேரும் முத்திரை குத்தித் திருப்பினார்கள்.

ஒன்பது நாள்
மாடிப்படியில் காலடி கேட்டாலே வயிறு கலங்கியது.
யாரும் வரவில்லை.
பிடிபடும் பயம் மெல்ல எழுந்து போக
அதன் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது:
பத்தில் ஒன்றானாலும் பத்து மடங்கானாலும்
இந்தக் கட்டடத்தில் ஒரு பேனாவும் தயங்காது.

பத்தாம் நாள் கப்பல் துறையிலிருந்து ஹோசகா,
ஒற்றைக் கண்ணாடி விரிசல் விட்ட பையன்,
கூட்டல் இடிக்கிறதென்று வந்து நின்றான்.
பிழைதிருத்தம், ஒரே வரி:
"சுழியம் விடுபட்டது. சேர்த்து வாசிக்கவும்."
அதையும் நானே கீறினேன்.
அழகாகத்தான் கீறினேன்.
கை அப்படிப் பழகிக் கிடந்தது.

இரண்டு வருடம் கழித்து ஆகஸ்டில்
முற்றத்தில் எரித்தோம், மூன்று நாள்.
தீர்மானம், திருத்தம், தேநீர்க் கணக்கு, எல்லாம்.
வெறுந்தாள் சுருண்டு கருகியது;
மெழுகுத்தாள் சொட்டி உருகி
ஒரு நிமிடம் கூடுதலாக நின்று எரிந்தது.
நிவா சட்டைக் கையை மடித்துக்கொண்டு
குச்சியால் கிளறினார்.
"ஒரு எழுத்தும் மிஞ்சக் கூடாது."

மை படாத ஒரு தாளை,
"கொள்முதல்" என்று கீறி ஒதுக்கிய தாளை,
இடுப்பில் செருகிக்கொண்டேன்.
சாட்சிக்காக இல்லை, அப்படியொன்று தோன்றவே இல்லை.
யானகாவில் எங்கள் காகிதக் கதவு
மார்ச் குண்டுவீச்சில் கிழிந்திருந்தது.
காற்று வந்தது. ஒட்ட வேறு தாள் ஏது?

இப்போது சாயங்கால வெயில்
அதன் வழியே இறங்குகிறது.
மெழுகெல்லாம் மங்கல், எழுத்து மட்டும் வெளிச்சம்.
அவசரத்தில் புறம் மாற்றி ஒட்டிவிட்டேன்.
சொற்கள் வலமிடம் மாறிப் பாயில் விழுகின்றன,
படிக்க வராது.
சுழியங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.
எந்தப் புறமானாலும் வட்டம்.

சாப்பிடும் இடத்தை இரண்டு முறை மாற்றிப் பார்த்தேன்.
ஆறு மணிக்கு ஒன்று
என் கிண்ணத்துக்குள் வந்துவிடுகிறது.
கஞ்சிமேல் மிதக்கிறது.
குச்சியால் விலக்கினால்
கைமேல் ஏறிக்கொள்கிறது.